ஒரே கிணறு, இரண்டு மாநிலம்: எல்லையோரத் தகராறுகளும் சமரசத் தீர்வும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பகுதியில், கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான எல்லை பல இடங்களில் ஒரு தென்னந்தோப்பின் வேலியாகவோ வாய்க்கால் கரையாகவோதான் கண்ணுக்குத் தெரியும். அண்ணன் வீடு அந்தப் பக்கம், தம்பி வீடு இந்தப் பக்கம். பெண் கொடுத்தது சித்தூரில், பெண் எடுத்தது பொள்ளாச்சியில். தேங்காய் விற்பது இங்கே, கடன் வாங்கியது அங்கே என்று வாழ்க்கை இரண்டு மாநிலத்திலும் கலந்து கிடக்கிறது. தகராறு முற்றி நீதிமன்றப் படியேறும் நாளில்தான் அந்தக் கோடு எவ்வளவு அழுத்தமாக வரையப்பட்டிருக்கிறது என்பது தெரியவருகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். எல்லையோரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல இருப்பதால் இதை ஒரு மாதிரியாகவே சொல்கிறேன். தகப்பனார் விட்டுச்சென்ற தென்னந்தோப்பு ஆறு ஏக்கர். அதில் நான்கு ஏக்கர் கேரளத்தில். இரண்டு ஏக்கர் தமிழ்நாட்டில். கிணறு கேரளப் பகுதியில் இருக்கிறது. மோட்டாருக்கான மின் இணைப்பு அண்ணன் பெயரில் இருக்கிறது. தம்பியின் பங்கு தமிழ்நாட்டுப் பக்கத்து இரண்டு ஏக்கரும் கேரளப் பக்கத்தில் ஒரு துண்டும். கிணற்றில் பாதி பாத்தியம் உண்டு என்கிறார் தம்பி. தண்ணீர் கொடுத்தது உறவுக்காகவே தவிர உரிமையால் அல்ல என்கிறார் அண்ணன். ஒரு கோடையில் மோட்டார் அறைக்குப் பூட்டு விழுகிறது.

சட்டப்படி பார்த்தால் நிலம் சம்பந்தமான வழக்கை நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் தொடர வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. நிலம் இரண்டு நீதிமன்றங்களின் எல்லைக்குள் விரிந்து கிடந்தால் அவற்றில் ஏதாவது ஒன்றில் தொடரலாம் என்று 17ஆவது பிரிவு வழிவிடுகிறது. ஆகவே தம்பி பொள்ளாச்சியில் வழக்குப் போடலாம். அண்ணன் தம் பங்குக்குச் சித்தூரில் போடலாம். பத்திரங்களில் பாதி மலையாளத்தில் இருக்கும். பேச்சில் மலையாளம் நன்றாகப் புரிந்தாலும் எழுத்து தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். தமிழ் வீட்டுமொழியாக இருந்தும் மலையாளப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவர்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. ஒவ்வோர் ஆவணத்துக்கும் மொழிபெயர்ப்பு, அதற்கு ஓர் ஆட்சேபணை, அதற்கு ஒரு வாய்தா. இவ்வளவுக்கும் பிறகு பொள்ளாச்சியில் தீர்ப்பாணை கிடைத்தாலும், தன் எல்லைக்கு வெளியே உள்ள சொத்தின்மீது அந்த நீதிமன்றமே அதை நிறைவேற்ற முடியாது. 39ஆவது பிரிவின்படி அடுத்த மாநில நீதிமன்றத்துக்கு அனுப்பி, அங்கே புதிதாக நிறைவேற்று மனுவைத் தொடங்க வேண்டும். வழக்கில் ஜெயித்தவர் இன்னொரு வழக்கின் வாசலில் நிற்பதைப் போன்ற நிலை அது.

எல்லையோரத் தமிழர்களுக்குச் சமரசத் தீர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பயன்படும் என்று நான் கருதுவதற்கு இதுவே முதற் காரணம். தீர்ப்பு ஒரு மாநிலத்து நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. உடன்பாடோ அதில் கையெழுத்திட்டவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களையே பற்றிக்கொண்டிருக்கிறது. தாமே பேசி ஒப்புக்கொண்ட ஒன்றை நிறைவேற்ற, தீர்ப்பாணையை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வர வேண்டிய தேவை குறைவு.

சமரசம் என்ற சொல்லை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் சமரச மையம் என்ற பலகையைக் காணலாம். கேரளத்தில் மத்தியஸ்தம் என்றும் ஒத்துதீர்ப்பு என்றும் சொல்கிறார்கள். ஆந்திர எல்லையோரம் நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் போனால் தெலுங்கில் மத்தியவர்த்தித்துவம் என்றும், பேச்சு வழக்கில் ராஜி என்றும் சொல்வார்கள். நம் ஊர்களில் இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் பஞ்சாயத்து என்ற பழைய நினைவு நிற்கிறது. அந்த நினைவு உதவியும் செய்கிறது, தடையாகவும் இருக்கிறது. மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசலாம் என்ற பழக்கம் நமக்குப் புதிதல்ல என்பது உதவி. அந்த மூன்றாம் மனிதர் தீர்ப்புச் சொல்வார், அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று எதிர்பார்த்துப் போவது தடை.

பயிற்சி பெற்ற சமரசர் தீர்ப்புச் சொல்வதில்லை. சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. யார் சொல்வது நியாயம் என்று அவர் முடிவு செய்வதில்லை. இரண்டு தரப்பும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்கான முறையை நடத்திக்கொடுப்பது மட்டுமே அவர் வேலை. ஒத்துவராவிட்டால் எழுந்து போக இருவருக்கும் உரிமை உண்டு. போனால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஊர்ப் பஞ்சாயத்தில் எழுந்து போனவர் ஊரையே பகைத்துக்கொண்டவர் ஆகிறார். இன்னொரு வேறுபாட்டை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பஞ்சாயத்து கோயில் திண்ணையிலோ மரத்தடியிலோ நாலு பேர் பார்க்க நடக்கிறது. நாலு பேர் பார்க்கச் சொன்ன சொல்லை விட்டு இறங்கிவர மனிதர்களுக்கு மானம் இடம் கொடுப்பதில்லை. சமரச அறையின் கதவு மூடியிருக்கிறது. அங்கே விட்டுக்கொடுத்தவர் வெளியே வந்து தலைகுனிய வேண்டியதில்லை.

கட்டப் பஞ்சாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாதியையும் மிரட்டலையும் வைத்து முடிவைத் திணிக்கும் அந்த வழக்கத்தைச் சட்டவிரோதம் என்று ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது.

நீதிமன்றத்தின் வழியாக நடக்கும் சமரசத்துக்குச் சட்ட அடித்தளம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு. 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், அவற்றை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று வகுக்க நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு தந்த மாதிரி விதிகளே பிற்பாடு உயர் நீதிமன்றங்கள் பலவற்றின் சமரச விதிகளுக்கு அச்சாக அமைந்தன. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்ற வகையில் நாட்டுக்கு முன்னோடி அதுவே; அதை உருவாக்குவதில் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு ஆற்றிய பணி பெரிது.

கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்குதான் 89ஆவது பிரிவுக்குத் தெளிவான உருவம் கொடுத்தது. கொச்சித் துறைமுகக் கழகத்தின் பாலம், சாலைப் பணிகளில் ஒரு பகுதியைத் துணை ஒப்பந்தமாக எடுத்த நிறுவனத்துக்கும் முதன்மை ஒப்பந்ததாரருக்கும் இடையே எழுந்த அஃப்கான்ஸ் எதிர் செரியன் வர்க்கி வழக்கு அது. ஒரு தரப்பு மறுத்தபோதும் விசாரணை நீதிமன்றம் வழக்கை நடுவர் தீர்ப்புக்கு அனுப்பியது. எல்லாத் தரப்பின் சம்மதமும் இல்லாமல் அப்படி அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. நடுவர் தீர்ப்பில் நடுவரின் முடிவு கட்டுப்படுத்தும் என்பதால் சம்மதம் வேண்டும்; சமரசத்தில் யாரும் முடிவைத் திணிப்பதில்லை என்பதால், சம்மதத்துக்குக் காத்திராமல் நீதிமன்றமே வழக்கைச் சமரச அறைக்கு அனுப்பலாம். அனுப்பிய இடத்தில் உடன்பட வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. 89ஆவது பிரிவின் வாசகத்தில் இரண்டு சொற்களின் விளக்கங்கள் இடம் மாறிக் கிடப்பதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டி, சரியாக வாசிக்க வேண்டிய முறையைச் சொன்னது.

எந்த வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்பதற்கும் அதே தீர்ப்புதான் இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. வியாபார, ஒப்பந்தத் தகராறுகள், பாகப்பிரிவினை, கணவன் மனைவி வழக்குகள், கூட்டு வியாபாரப் பிணக்குகள், அக்கம்பக்கத்து நிலக்காரர்களின் பாதைத் தகராறுகள் ஆகியவை சமரசத்துக்கு ஏற்றவை. கடுமையான மோசடி, போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் போன்ற குற்றச்சாட்டுகள், சிறுவர்களின் சொத்தைப் பாதிக்கும் வழக்குகள், பொதுப் பதவிகளுக்கான தேர்தல் வழக்குகள், குற்ற வழக்குகள் ஆகியவை பொதுவாக ஏற்றவை அல்ல. எல்லையோரத்தில் வழக்காகும் சங்கதிகளை எண்ணிப்பார்த்தால் கிணறு, வாய்க்கால், மாமூல் வண்டிப்பாதை, பங்காளிப் பிரிவினை, கொடுக்கல் வாங்கல் என்று பெரும்பாலானவை முதல் வகையில்தான் விழும்.

இனி அந்தத் தென்னந்தோப்புக்குத் திரும்புவோம். சமரச அறையில் என்ன நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இந்த முறையின் தன்மை பிடிபடும்.

முதல் அமர்வில் சமரசர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, இங்கே பேசப்படுவது எதுவும் வெளியே போகாது என்பதையும், நீதிபதிக்கு அவர் அனுப்பப்போவது, உடன்பாடு ஏற்பட்டால் அந்த உடன்பாடு, ஏற்படாவிட்டால் ஏற்படவில்லை என்ற தகவல் மட்டுமே என்பதையும் சொல்கிறார். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. மோத்தி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இரகசியத்தை வலியுறுத்தியிருக்கிறது. சமரசத்தின்போது யார் என்ன விட்டுக்கொடுக்க முன்வந்தார் என்பதைப் பிற்பாடு வழக்கில் சான்றாகக் காட்ட முடியாது. பிறகு தம்பி பேசுகிறார், அண்ணன் பேசுகிறார். இருவரும் சொல்வது பிராதிலும் பதிலுரையிலும் உள்ளதுதான்: பாதி பாத்தியம் உண்டு, இல்லை. இந்த அளவில் நின்றால் நீதிமன்றத்துக்கும் இந்த அறைக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு தனி அமர்வில் தொடங்குகிறது. அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் சமரசர் கேட்கிறார்: உங்களுக்கு எத்தனை நாளைக்குத் தண்ணீர் வேண்டும்? யாரும் இதுவரை கேட்காத கேள்வி அது. யோசித்துப் பார்த்தால் ஆண்டு முழுவதும் தேவையில்லை. மழைக்காலம் போக, மாசியிலிருந்து வைகாசி வரை, வாரத்துக்கு இரண்டு நாள் கிடைத்தால் தென்னை காயாது. அடுத்து அண்ணனிடம் கேட்கிறார்: தம்பிக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன அச்சம்? அண்ணன் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: தம்பிக்குக் கொடுப்பதில் ஒன்றுமில்லை, தம்பியின் மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், நாளைக்கு இந்த நிலத்தை யாரோ ஒரு வெளியாளுக்கு விற்றால், கிணற்றில் பாதி பாத்தியம் என்று தீர்ப்பில் எழுதியிருந்தால், அந்த வெளியாள் என் தோப்புக்குள் வந்து நிற்பான்.

இந்த இரண்டு பதில்களும் பிராதில் இல்லை, பதிலுரையிலும் இல்லை. பாத்தியம் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு நீதிபதி உண்டு என்றோ இல்லை என்றோதான் சொல்ல முடியும். மாசி முதல் வைகாசி வரை செவ்வாயும் வெள்ளியும் என்று அவராக எழுத முடியாது. விற்பதானால் முதலில் அண்ணனுக்கு அறுபது நாள் அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று தம்பிமீது யாரும் கேட்காத நிபந்தனையை அவர் விதிக்க முடியாது. உடன்பாட்டில் இவை இரண்டையும் எழுதலாம். சமரசத்தின் உண்மையான வலு செலவு குறைவதிலும் காலம் மிச்சமாவதிலும் மட்டும் இல்லை. சட்டம் கேட்கும் கேள்வியை விட்டுவிட்டு, தகராறு உண்மையில் எதைப் பற்றியதோ அந்தக் கேள்வியைக் கேட்க இடம் தருவதில்தான் இருக்கிறது.

இந்தப் பகுதியின் தண்ணீருக்கே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஆழியாற்றிலிருந்தும் பரம்பிக்குளத்திலிருந்தும் வரும் நீரைப் பற்றித் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று செய்துகொண்ட ஒப்பந்தத்தில், சித்தூர்ப் பகுதிக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் என்று அளவு குறித்து எழுதியிருக்கிறார்கள். அதில் பிணக்குகள் எழாமல் இல்லை. ஆனாலும் எந்தக் கோடையிலும் இரு தரப்பும் எடுத்துவைத்துப் பேசுவதற்கு ஒரு தாள் இருக்கிறது. இரண்டு அரசுகளுக்கே அளவும் இடமும் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்போது, அண்ணன் தம்பி வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது.

எழுதுவது என்று வரும்போது எல்லையோரத்தில் கூடுதல் கவனம் வேண்டும்; நல்லெண்ணத்தோடு பேசி முடித்த பல உடன்பாடுகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. வெள்ளைத்தாளில் முச்சலிக்கை எழுதி, நாலு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அசையாச் சொத்தில் புதிதாக உரிமை உண்டாக்கும் ஆவணத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பத்து ஆண்டு கழித்துப் பிள்ளைகள் காலத்தில் அந்தத் தாளை எடுத்தால் அது உரிமையை நிலைநாட்டாது. வழக்கு நிலுவையில் இருந்தால், உடன்பாட்டை இரு தரப்பும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆவது கட்டளையின் 3ஆவது விதிப்படி தீர்ப்பாணையாகப் பெற்றுக்கொள்வது நல்ல வழி. வழக்கில் சம்பந்தப்படாத வேறு நிலத்தையும் அந்த உடன்பாட்டில் சேர்த்தால் அந்த நிலத்துக்குப் பதிவு தேவைப்படும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு மாநிலத்து நிலம் என்றால் வேலையும் இரண்டு. முத்திரைத்தாள் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டுப் பக்கத்துக்குப் பட்டா மாறுதல் செய்ய வேண்டும். அதையே கேரளத்தில் போக்குவரவு என்பார்கள், வில்லேஜ் ஆபீசில் மனுக் கொடுத்துத் தண்டப்பேர் என்ற நிலவரிக் கணக்கை மாற்றி, கரம் (நிலவரி) கட்டிய ரசீதைத் தம் பெயரில் வாங்க வேண்டும். இந்தப் பக்கம் கிரயப் பத்திரம் என்பதை அந்தப் பக்கம் ஆதாரம் என்கிறார்கள்; இந்தச் சொற்குழப்பத்தால் எந்தத் தாளைக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் அலைந்தவர்களை எங்கள் ஊர்ப் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே உடன்பாட்டில் சர்வே எண்ணைக் குறிப்பிடும்போது எந்த மாநிலத்து எந்த ஊர் எண் என்பதையும், மறு அளவையில் எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். பட்டா மாறுதலையும் போக்குவரவையும் யார், எந்தத் தேதிக்குள், யார் செலவில் செய்வது என்று தனித்தனி வரியாக எழுத வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் இரண்டு படி எழுதினால், இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் எது நிற்கும் என்பதை ஒரு வரியில் குறித்துவிடுவது நல்லது. இரண்டு எழுத்தும் படிக்கத் தெரிந்த ஒருவர் இரு தரப்புக்கும் உரக்கப் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்து.

2023ஆம் ஆண்டு நாடாளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே இரு தரப்பும் விரும்பிச் சமரசத்துக்குப் போகலாம் என்கிறது அது. 120 நாள்களுக்குள் பேச்சை முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒப்பினால் மேலும் 60 நாள் நீட்டிக்கலாம். கையெழுத்தான உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்றத்தக்கது. மோசடி, ஊழல், ஆள்மாறாட்டம், சமரசத்துக்கே உரியதல்லாத தகராறு என்ற காரணங்களால் மட்டுமே அதை எதிர்க்கலாம். எல்லையோரத்துக்கு இதில் மிகவும் பயன்படக்கூடியது 13ஆவது பிரிவு. வழக்கை விசாரிக்கும் அதிகாரம் உள்ள நீதிமன்றத்தின் எல்லைக்குள் சமரசம் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, இரு தரப்பும் ஒப்பினால் வேறெந்த இடத்திலும், இணையவழியிலும்கூட நடத்தலாம் என்று அது அனுமதிக்கிறது. அப்படி நடந்தாலும், நிறைவேற்றம் முதலியவற்றுக்கு உரிய நீதிமன்றத்தின் எல்லைக்குள் நடந்ததாகவே கொள்ளப்படும். சித்தூர் நிலத்தைப் பற்றிய பேச்சைப் பொள்ளாச்சியில், தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவர் முன்னிலையில் நடத்த இது வழிசெய்கிறது. ஊர் அமைதியைக் குலைக்கும் தகராறுகளுக்கு மூன்று பேர் கொண்ட சமுதாயச் சமரசக் குழுவையும் இந்தச் சட்டம் ஏற்படுத்துகிறது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: 2023 அக்டோபர் 9 அன்று இந்தச் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டன. ஆகவே புதிய சட்டத்தை நம்பி உடன்பாடு எழுதுபவர்கள், தாங்கள் சார்ந்திருக்கும் பிரிவு அறிவிக்கப்பட்டுவிட்டதா என்பதை வழக்கறிஞரிடம் உறுதிசெய்துகொண்டு எழுத வேண்டும். பேச்சு நடக்கிறது என்ற நம்பிக்கையில் காலவரம்பைத் தவறவிடவும் கூடாது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு என்றால், வீட்டுத் திண்ணையில் பேசிய நாள்களை அதிலிருந்து யாரும் கழித்துத் தரமாட்டார்கள்.

ஆந்திர எல்லையில் தகராறுகளின் முகம் சற்று வேறு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு இணைந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. விசைத்தறிக்கு நூல் கடனாகக் கொடுத்தவர் ஒரு மாநிலத்தில், தறிக்காரர் இன்னொரு மாநிலத்தில் என்ற நிலை அங்கே சாதாரணம். இவை பெரும்பாலும் காசோலை வழக்காகவோ பண வழக்காகவோ உருவெடுக்கின்றன. மூன்று லட்ச ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள வணிகத் தகராறு என்றால், அவசர நிவாரணம் கேட்காத வழக்கில், வழக்குத் தொடுக்கும் முன் சமரசத்துக்குப் போய்வர வேண்டும் என்பது வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு. அது கட்டாயம் என்று பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நூல் கடனில் தவணை பேசி, பழைய பாக்கியைத் தீர்க்கத் தீர்க்கப் புது நூல் கொடுப்பதாக எழுதிக்கொள்வது, அடுத்த ஆண்டும் ஒருவரையொருவர் நம்பி வியாபாரம் செய்ய வேண்டிய இருவருக்கு எந்தத் தீர்ப்பாணையையும்விட மேல்.

கணவன் மனைவி வழக்குகளில் எல்லை இன்னும் கொடுமையாக வேலை செய்கிறது. கோயம்புத்தூரில் மனைவி, பாலக்காட்டில் கணவன்; இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஆனால் ஒரு மாநிலக் குடும்ப நீதிமன்றத்தில் உள்ள வழக்கை அடுத்த மாநிலத்துக்கு மாற்ற வேண்டும் என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். ஒரு பேருந்துப் பயணத் தூரத்துக்காகத் தில்லிவரை போக வேண்டியிருக்கிறது. ஆந்திரத்திலிருந்து எழுந்த சீனிவாச ராவ் எதிர் தீபா வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், குடும்ப வழக்குகளைத் தொடக்கத்திலேயே சமரச மையங்களுக்கு அனுப்ப வேண்டும் என்றும், வழக்குக்கு முன்பே உதவும் மேசைகளை அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. சமரசம் என்றால் சேர்த்துவைப்பது என்று நம் குடும்பங்களில் ஓர் எண்ணம் வேரூன்றிப்போயிருக்கிறது. கண்ணியமாகப் பிரிவதும், பிள்ளைகள் எந்த வாரம் யாரிடம் என்று அமைதியாக எழுதிக்கொள்வதும், நகையையும் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுப்பதும் சமரசமே. அடி உதைக்கு உள்ளான பெண்ணை, எதிரில் இருப்பவரைப் பார்த்தால் வாய் திறக்கவே அஞ்சும் நிலையில், ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வது சமரசம் ஆகாது. பொறுப்புள்ள சமரசர் அதைத் தனி அமர்வில் கண்டுகொண்டதும், இது இந்த அறைக்கு உரியதல்ல என்று வழக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதே கவனம் வலுவில் ஏற்றத்தாழ்வு உள்ள எல்லா இடத்துக்கும் பொருந்தும். மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடும் தோட்டத் தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் நடுவே, சமரசர் இருந்தால் மட்டும் போதாது. தொழிலாளியின் பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருக்க வேண்டும். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கும், வருமானம் பாராமல் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வழி உண்டு; வட்ட அளவிலேயே அதற்குக் குழு இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, நீதிமன்ற வழக்கிலிருந்து சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் பொதுவாகச் சமரசருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அப்படி முடிந்த வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று, சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நிலுவையில் உள்ள வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பக் கேட்பதற்குப் பெரிய சடங்கு எதுவும் இல்லை. வழக்கறிஞர் மூலமாக ஒரு மெமோ போதும். மேல்முறையீட்டுக் கட்டத்திலும் கேட்கலாம்.

தென்னந்தோப்பு அண்ணன் தம்பியின் உடன்பாட்டில், இப்படிப்பட்ட உடன்பாடுகள் எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய இரண்டு வரிகள் கடைசியில் வரும். மோட்டார் எரிந்துபோனால் பழுதுச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அண்ணனுடையது, ஒரு பங்கு தம்பியுடையது, பதினைந்து நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது முதல் வரி. இந்த உடன்பாட்டின் எந்த வரியைப் பற்றியாவது மறுபடி பேச்சு வந்தால், நீதிமன்றம் போவதற்கு முன் இதே சமரசர் முன்னிலையில் ஒரு முறையாவது இருவரும் நேரில் உட்கார வேண்டும் என்பது இரண்டாவது. அதன் கீழே ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும் கையெழுத்திடுகிறார்கள். மோட்டார் அறைச் சாவிக்கு மறுசாவி செய்துகொடுக்க வேண்டிய தேதி, பக்க ஓரத்தில் பேனாவால் எழுதிச் சேர்க்கப்பட்டு, அதற்கும் இருவரின் சுருக்கொப்பம் வாங்கப்படுகிறது.